பச்சை குத்திய உடல், தராத இரத்தம்

டியேகோ மரடோனா 2020 நவம்பர் 25 அன்று இறந்தபோது தமிழில் நான் வாசித்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்லின. வலது கையில் சே குவேரா, இடது காலில் ஃபிடல் காஸ்ட்ரோ, 2005இல் மார் டெல் பிளாட்டா நகரில் ஜார்ஜ் புஷ்ஷை எதிர்க்கும் சட்டையோடு ஹ்யூகோ சாவேஸின் மேடை. 2008இல் கொல்கத்தா வந்தபோது அவர் ஜோதி பாசுவைச் சந்தித்ததையும் சிலர் நினைவுகூர்ந்தார்கள். எல்லா அஞ்சலிகளுக்கும் அடியில் ஓடிய ஒரே சொல், 'நம் ஆள்'.

அந்த 'நம்' யாரையெல்லாம் உள்ளடக்குகிறது என்பதுதான் என் கேள்வி. மரடோனாவின் அரசியல் வெறும் வேஷம் என்று நிறுவுவது எனக்கு நோக்கமில்லை. வேஷமாக இருந்திருந்தால் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது. அவருக்கு ஒரு வர்க்க உணர்வு உண்மையாகவே இருந்தது. அது எங்கே பிறந்தது, எங்கே போய் நின்றுவிட்டது என்பதைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

பிறந்த இடம் பியூனஸ் அயர்ஸின் ஓரத்திலிருந்த வில்லா ஃபியோரித்தோ என்ற குடிசைப் பகுதி. தந்தைக்கு எலும்பு அரைக்கும் ஆலையில் வேலை, வீட்டில் எட்டுக் குழந்தைகள். தன் தாயைப் பற்றி மரடோனா பல பேட்டிகளில் சொன்ன ஒரு நினைவு உண்டு. சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்கு வயிற்று வலி வந்துவிடும். பிள்ளைகள் சாப்பிடுவார்கள், அவள் சாப்பிட மாட்டாள். அவளுக்கு வயிற்று வலியே இருந்ததில்லை, சோறு போதவில்லை என்பது அவருக்குப் பிறகுதான் புரிந்தது. இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். தமிழில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பசியை வயிற்று வலியாக மாற்றத் தெரிந்த பெண்கள் நம் வீடுகளிலும் இருந்திருக்கிறார்கள். நான் இதை இங்கே குறித்து வைப்பதற்குக் காரணம் வேறு: ஒரு பெண் தன் உடலைக் கொண்டு சொன்ன பொய் அவருடைய அரசியலின் முதல் பாடமாக இருந்திருக்கிறது. பெண்ணுடல் கொடுக்கும், கணக்குக் கேட்காது என்பதும் அந்தப் பாடத்தோடு சேர்ந்தே வந்திருக்கலாம்.

1984 ஜூலை 5 அன்று அவர் நேப்பிள்ஸ் நகரின் சான் பாவ்லோ மைதானத்துக்குள் நுழைந்தபோது அவரைப் பார்க்க மட்டுமே 70,000க்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். அன்று ஆட்டம்கூட இல்லை. இத்தாலியின் தெற்கு என்றால் என்ன என்று தெரியாமல் இந்தக் கூட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. பணம், ஆலைகள், கோப்பைகள் எல்லாம் வடக்கே மிலானிலும் டூரினிலும். தெற்கத்தியர்கள் அழுக்கர்கள், சோம்பேறிகள், வடக்கின் ஆலைகளுக்குக் கூலியாக வந்து சேர்கிறவர்கள். 1973இல் நேப்பிள்ஸில் காலரா பரவியதை வடக்கின் ரசிகர்கள் பத்தாண்டுகள் கழித்தும் மறக்கவில்லை. 'காலராக்காரர்களே', 'குளித்துவிட்டு வாருங்கள்' என்று மைதானத்தில் பதாகை பிடித்தார்கள், வெசூவியஸ் எரிமலை நெருப்பால் இவர்களைக் கழுவட்டும் என்று பாடினார்கள். அதுவரை ஒருமுறைகூட இத்தாலிய லீக் பட்டத்தை வெல்லாத நாப்போலி, மரடோனாவோடு 1987இலும் 1990இலும் வென்றது.

கோப்பையைவிட என்னை நிறுத்தியது அசெர்ராவில் நடந்த ஆட்டம். நேப்பிள்ஸை அடுத்த அந்தச் சிற்றூரில் ஒரு நோயுற்ற குழந்தையின் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆட்டக்காரர்களுக்கு அடிபட்டால் யார் பொறுப்பு என்று கிளப் தலைமை மறுத்தது. மரடோனா போனார். 1985இன் குளிர்காலத்தில், சேறும் சகதியுமான திடலில், உலகிலேயே அதிக விலை கொடுத்து வாங்கப்பட்ட ஆட்டக்காரர் உடம்பெல்லாம் சேறாக ஆடிக்கொண்டிருப்பதை இன்றும் காணொளியில் பார்க்கலாம். மனதார விளையாடுகிறார். இந்த மனிதரின் பரிவைச் சந்தேகிக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

1990 உலகக்கோப்பை அரையிறுதியில் இத்தாலியும் அர்ஜென்டினாவும் மோத வேண்டியது அதே நேப்பிள்ஸ் மைதானத்தில்தான். ஆட்டத்துக்கு முன்பு நகரத்து மக்களிடம் அவர் கேட்டது எளிய கேள்வி: ஆண்டு முழுவதும் உங்களை வெளியாட்களாக நடத்தும் நாடு இந்த ஒருநாள் மட்டும் உங்களை இத்தாலியர்களாக இருக்கச் சொல்கிறதே, ஏன்? ஒரு விளையாட்டு வீரர் தேசியத்தின் தையலை இவ்வளவு நேராகப் பிரித்துக் காட்டியது அபூர்வம். ஜூலை 3 அன்று அர்ஜென்டினா பெனால்டியில் வென்றது. ஐந்து நாள் கழித்து ரோமில் இறுதி ஆட்டத்துக்கு முன் அர்ஜென்டின தேசியகீதத்தைக் கூட்டம் ஊளையிட்டு மூழ்கடித்தபோது, தன் முகத்துக்கு நேராகக் கேமரா வரும்வரை காத்திருந்து அவர் ஒரு வசையை உதிர்த்தார். எதிர்ப்பின் மாபெரும் கணமாக அது கொண்டாடப்படுகிறது. அந்த வசையின் பொருள் 'வேசி மகன்களே' என்பது. ஆண்கள் ஆண்களோடு போடும் சண்டையில் வழக்கம்போல யாரோ ஒரு தாய் நடுவே இழுக்கப்படுகிறாள். தமிழில் இந்த வசையைக் கேட்காமல் ஒரு பேருந்து நிலையத்தைக்கூடக் கடந்துவிட முடியாது என்பதால் நமக்கு அதிர்ச்சியில்லை.

அவருடைய விசுவாசங்கள் நேர்கோட்டில் சென்றவையும் அல்ல. 1979இல் ஜப்பானில் இளையோர் உலகக்கோப்பையை வென்ற அணியின் தலைவராக, 18 வயதில், அர்ஜென்டின ராணுவ ஆட்சியாளர் விடேலாவுடன் கைகுலுக்க வேண்டியிருந்தது. இறுதி ஆட்டம் செப்டம்பர் 7. அதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் பியூனஸ் அயர்ஸ் வந்திறங்கியிருந்தது. காணாமலாக்கப்பட்டோரின் குடும்பத்தினர் புகார் கொடுக்க மே அவென்யூவில் வரிசையில் நின்றார்கள். அவர்களில் பலர் தாய்மார். கொண்டாட்டக் கூட்டத்தை அந்தத் தெருவுக்கே போகச் சொல்லி வானொலி வர்ணனையாளர் தூண்டினார். 18 வயதுப் பையன் மேல் இந்தப் பழியைச் சுமத்தமாட்டேன். தன்னைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று பின்னாளில் அவரே சொன்னார். ஆனால் 1990இல், கொலைகாரத் தளபதிகளுக்கு மன்னிப்பு வழங்கிக்கொண்டிருந்த அதிபர் மெனமிடமிருந்து விளையாட்டுத் தூதர் பதவியை வாங்கிக்கொண்டபோது அவருக்கு வயது 29. நேப்பிள்ஸில் கமோரா என்னும் குற்றக் கும்பலின் ஜூலியானோ குடும்பத்தோடு சிரித்துக்கொண்டு எடுத்த படங்கள் இருக்கின்றன. பிறகு ஃபிடல், சாவேஸ், பாலஸ்தீனம்.

இந்தப் பட்டியலை வைத்து அவரைச் சந்தர்ப்பவாதி என்று தள்ளிவிடுவது சுலபம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அவர் கொள்கைக்கு விசுவாசமாக இருந்தவரில்லை. தன்னை மகனாக ஏற்றுக்கொண்டவர்களுக்கு விசுவாசமாக இருந்தவர். ஃபிடலை இரண்டாவது தந்தை என்றே அழைத்தார். நேப்பிள்ஸ் அவரைத் தன் பிள்ளை என்றது, அவரும் நேப்பிள்ஸுக்குப் பிள்ளையானார். மகனாக இருப்பதில் அவருக்குச் சலிப்பே இல்லை. கேள்வி வருவது தந்தையாக வேண்டிய இடத்தில்.

1986 செப்டம்பர் 20 அன்று நேப்பிள்ஸில் கிறிஸ்தியானா சினாக்ரா என்ற இளம்பெண் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றார். மெக்சிகோவில் மரடோனா உலகக்கோப்பையைத் தூக்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தபடியே தொலைக்காட்சி கேமராவிடம் அவர் குழந்தையின் தந்தை யார் என்று சொன்னார். குழந்தைக்கு டியேகோ அர்மாந்தோ என்று பெயரிட்டார். மரடோனா மறுத்தார். அப்போது அவருடைய நெடுநாள் துணைவி கிளாடியா வில்லாஃபானே முதல் குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். வழக்கு நீதிமன்றம் போனது. மரபணுச் சோதனைக்கு மரடோனா வரவே இல்லை. அந்த மறுப்பையே சான்றாகக் கொண்டு 90களில் இத்தாலிய நீதிமன்றம் அவரைத் தந்தை என்று அறிவித்தது. அதன் பிறகும் அவர் ஏற்கவில்லை. 2003இல் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குள் எப்படியோ நுழைந்து 16 வயதுப் பையன் தன் தந்தையை முதன்முறையாக நேரில் சந்தித்தான். பகிரங்கமாக மகன் என்று ஏற்றது 2016இல். 1996இல் பியூனஸ் அயர்ஸில் பிறந்த ஒரு மகளின் கதையும் ஏறத்தாழ இதே வழியில்தான் போனது. கிளாடியாவுக்குப் பிறந்த இரு மகள்களே முறையானவர்கள், மற்றவர்கள் பணத்தாலும் தவறாலும் வந்தவர்கள் என்ற பொருளில் அவர் பேசியதும் பதிவாகியிருக்கிறது.

இதைச் 'சொந்த வாழ்க்கை' என்று ஒதுக்கிவைக்கலாமா? அர்ஜென்டினாவில் இதே ஆண்டுகளில் இரத்தப் பரிசோதனை என்றால் என்ன பொருள் என்று பார்ப்போம்.

1976 முதல் 1983 வரையிலான ராணுவ ஆட்சியில் கடத்தப்பட்ட கர்ப்பிணிகள் பிள்ளை பெறும்வரை உயிரோடு வைக்கப்பட்டு, பிறகு கொல்லப்பட்டார்கள். குழந்தைகள் ராணுவத்தினர் வீடுகளுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் கொடுக்கப்பட்டன. அப்படிப் பறிபோன பேரக் குழந்தைகள் ஏறத்தாழ 500 பேரைத் தேடி 1977இல் சில பெண்கள் ஒன்றுசேர்ந்தார்கள். அவர்கள்தான் பிளாசா டி மாயோ பாட்டிகள். தாயும் இல்லை, தந்தையும் இல்லை. பாட்டியின் இரத்தத்தை மட்டும் வைத்து இது என் பேரன் என்று நிரூபிக்க முடியுமா என்ற கேள்வியோடு விஞ்ஞானிகளின் கதவுகளைத் தட்டினார்கள். மேரி-கிளேர் கிங் உள்ளிட்ட மரபியலாளர்கள் அதற்கு விடை கண்டார்கள். 1987இல் அர்ஜென்டினா சட்டம் இயற்றித் தேசிய மரபணுத் தரவு வங்கியை அமைத்தது. தன் பிறப்பைத் தெரிந்துகொள்வது ஒரு மனிதரின் உரிமை என்பதை உலகுக்குச் சொன்னவர்கள் சமையலறைகளிலிருந்து கிளம்பி வந்த இந்தப் பெண்கள்.

மரடோனா அவர்கள் பக்கம் நின்றார். 2010இல் அவர் பயிற்றுவித்த தேசிய அணி, பாட்டிகளுக்கு நோபல் அமைதிப் பரிசு வேண்டும் என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டு மைதானத்தில் நின்றது. அந்தப் பதாகையின் பொருள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் இரத்தம் யாருடையது என்று அறியும் உரிமை உண்டு என்பது. அதைப் பிடித்த அணியின் பயிற்சியாளர், நேப்பிள்ஸில் 23 வயதாகிவிட்ட ஒருவனுக்கு ஒரு துளி இரத்தம் கொடுக்க மறுத்துக்கொண்டிருந்தவர். சேவுக்கும் ஃபிடலுக்கும் தோலைக் கொடுத்தவர். ஊசிக்கு அஞ்சியவர் இல்லை என்பது மட்டும் உறுதி.

1987 மே 10 அன்று நாப்போலி முதல் பட்டம் வென்றபோது நகரம் நாள்கணக்கில் உறங்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அப்போது எட்டு மாதம்கூட நிறையவில்லை. கிறிஸ்தியானாவும் நேப்பிள்ஸ்காரிதான் என்பதை அஞ்சலிகள் எழுதுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். வடக்கு இழிவுபடுத்திய, அவர் தோள்கொடுத்த அதே ஏழைத் தெற்கின் மகள். 'நேப்பிள்ஸ் மக்கள்' என்று அவர் உச்சரித்த சொல்லுக்குள் அவள் அடங்கவில்லை. அவளை நம்ப மறுத்ததில் நகரத்துக்கும் பங்கு உண்டு. தன் தெய்வத்துக்குச் சங்கடம் தருகிற பெண்ணை எந்த ஊரும் விரும்புவதில்லை.

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு இந்த இடத்தில் அகநானூற்றின் 256ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. பரத்தையோடு நீராடிவிட்டு வந்து நிற்கும் தலைவனிடம் தோழி பேசுகிறாள். ஊர் அலரின் பேரொலிக்கு அவள் காட்டும் ஒப்புமை கள்ளூரில் நடந்த ஒரு வழக்கு. ஒரு பெண்ணின் நலத்தைக் கவர்ந்தவன் அவையில் வந்து அவளைத் தெரியாது என்று சூளுரைக்கிறான். அவை சாட்சிகளை விசாரிக்கிறது. பொய் அம்பலமாகிறது. அவனை மரக்கிளையில் இறுகக் கட்டித் தலையில் நீற்றைப் பெய்கிறார்கள். அவை ஆர்ப்பரிக்கிறது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் முதலில் மகிழ்வார்கள். பிறகு ஒருத்தியாவது கேட்டுவிடுவாள்: 'மேம், அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன ஆனா?' பாட்டில் அதற்கு இடமில்லை. ஊருக்குப் பெயர் உண்டு, அவளுக்கு இல்லை.

அகத்தில் எவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது மரபு. பெயரும் புகழும் புறத்துக்கு உரியவை. இலக்கணமாக இருக்கும்வரை அது அழகு. ஆனால் நம் அரசியல் எழுத்தும் இதே பாகுபாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புஷ் எதிர்ப்பு புறம். பிள்ளையை மறுத்தது அகம். புறத்தைப் பாடலாம், அகத்தைக் கிளறுவது வம்பு.

ஆசிஃப் கபாடியாவின் 2019 ஆவணப்படம் 'டியேகோ மரடோனா' இந்த வம்பைத் தவிர்க்கவில்லை என்பதற்காக அதை மதிக்கிறேன். கமோராவும் இருக்கிறது, கொக்கெய்னும் இருக்கிறது, மறுக்கப்பட்ட மகனும் இருக்கிறான். ஆனால் படம் தன் முதுகெலும்பாக எடுத்துக்கொண்டது அவருடைய உடற்பயிற்சியாளர் ஃபெர்னாந்தோ சின்யோரினி சொன்ன ஒரு பிரிவினையை: டியேகோ வேறு, மரடோனா வேறு. டியேகோ அன்பான, பயந்த பையன். மரடோனா அவன் உலகை எதிர்கொள்ளப் போட்டுக்கொண்ட முகமூடி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இந்தப் பிரிவினையின் பயன் யாருக்கு என்று பாருங்கள். சேற்றில் ஆடியது டியேகோ, மகனை மறுத்தது மரடோனா என்றாகிவிடுகிறது. நமக்கும் இது பழக்கமானதுதான். கவிதை எழுதுகிறவர் வேறு, வீட்டில் கை நீட்டுகிறவர் வேறு என்று இலக்கியக் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம். கிறிஸ்தியானாவின் வீட்டுக் கதவைத் தட்டியது இருவரில் யார் என்று அவரால் பிரித்துப் பார்த்திருக்க முடியுமா? 2014இல் வெளியான ஒரு காணொளியில் துணைவி ரோசியோ ஒலிவாவை நோக்கி எழுந்துவரும் கை யாருடையது? தான் கைப்பேசியைத்தான் எறிந்ததாகவும் அடிக்கவில்லை என்றும் மரடோனா சொன்னார். தன் பொருளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டதாகக் கிளாடியாமேல் வழக்குத் தொடுத்தவரும் ஒரே ஆள்தான்.

கடினமான பகுதி கியூபா. 2000 ஜனவரியில் சாகக் கிடந்த மரடோனாவை ஃபிடல் ஹவானாவுக்கு அழைத்துச் சிகிச்சை தந்தார். அந்த நன்றியின் அடையாளம்தான் காலில் இருந்த பச்சை. 2021 நவம்பரில் மாவிஸ் ஆல்வரெஸ் என்ற கியூபப் பெண் பியூனஸ் அயர்ஸில் செய்தியாளர்களைச் சந்தித்தார். அந்த ஹவானா நாட்களில் தனக்கு வயது 16, மரடோனாவுக்கு நாற்பதையொட்டி என்றார். தன்னை அவர் வல்லுறவு செய்ததாகவும், போதைப்பழக்கத்துக்குத் தள்ளியதாகவும், 2001இல் அர்ஜென்டினாவுக்குக் கூட்டிச் சென்றபோது தன் விருப்பமின்றி மார்பக அறுவை செய்யப்பட்டதாகவும் சொன்னார். கியூப அரசு இதில் சம்பந்தப்பட்டிருந்ததால்தான் தன் குடும்பம் அனுமதிக்க நேர்ந்தது என்றும் சொன்னார். இவை குற்றச்சாட்டுகள். பதில் சொல்ல மரடோனா உயிரோடு இல்லை; அப்போது அவரோடு இருந்தவர்கள் மறுத்திருக்கிறார்கள். ஆனால் நம் பக்கத்தில் நிலவிய மௌனத்துக்கு இந்த ஐயம் காரணமில்லை. குற்றச்சாட்டு ஒரு வலதுசாரித் தலைவரின் விருந்தாளிமீது வந்திருந்தால் எத்தனை கண்டனக் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கும் என்று நமக்குத் தெரியும். இரண்டு புரட்சிகர ஆண்களின் நட்புக்கு நடுவே 16 வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்றதும் இடதுசாரி எழுத்துக்குச் சொல் கிடைக்கவில்லை.

அவர் இறந்த நவம்பர் 25, பெண்களுக்கு எதிரான வன்முறையை ஒழிப்பதற்கான உலக நாள். ட்ருஹியோவின் சர்வாதிகாரத்தை எதிர்த்த மிராபல் சகோதரிகள் மூவர் டொமினிக்கன் குடியரசில் 1960இல் கொல்லப்பட்ட நாள் அது. ஃபிடல் 2016இல் இறந்ததும் அதே தேதியில் என்பதால் அஞ்சலிகள் அந்தப் பொருத்தத்தை வியந்தன. மிராபல் சகோதரிகளை யாரும் குறிப்பிட்டு நான் பார்க்கவில்லை. ஸ்பெயினில் மூன்று நாள் கழித்து ஒரு பெண்கள் கால்பந்து ஆட்டத்துக்கு முன் மரடோனாவுக்கு ஒரு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டபோது, பாவ்லா தாபேனா என்ற 24 வயது ஆட்டக்காரர் புல்தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். வன்முறைக்குப் பலியான பெண்களுக்காக அந்த வாரம் ஒரு நிமிடமும் மௌனம் காக்கப்படவில்லையே என்பது அவர் சொன்ன காரணம். கொலை மிரட்டல்கள் வந்தன.

தாபேனாவின் செயல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அர்ஜென்டினப் பெண்ணியர்கள் எல்லாரும் அவரோடு உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கருக்கலைப்பு உரிமைக்காகப் பச்சைக் கைக்குட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றவர்கள், 2020 டிசம்பர் 30 அன்று அந்தச் சட்டத்தை வென்றெடுத்தவர்கள், அவர்களிலேயே பலர் அந்த நவம்பரில் மரடோனாவுக்காக அழுதார்கள். குடிசையிலிருந்து வந்த பெண்களுக்கு அவர் தங்கள் தந்தையர் சிரித்த ஒரே ஞாயிற்றுக்கிழமை. அந்த அழுகையைப் பிழை என்று சொல்ல, படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்ணியத்துக்கு என்ன உரிமை என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. என் மாணவிகளில் கால்பந்து ஆடுகிற ஒருத்தி இங்கிலாந்துக்கு எதிரான அந்த இரண்டாவது கோலைக் கைப்பேசியில் வைத்திருக்கிறாள். அழிக்கச் சொல்ல நான் யார்?

நான் கேட்பது சிறிய விஷயம். அடுத்த முறை யாராவது அவருடைய அரசியல் வாழ்க்கையைத் தேதிவாரியாக எழுதும்போது 2005 மார் டெல் பிளாட்டாவுக்கு முன்னால் 1986 செப்டம்பர் 20ஐயும் எழுத வேண்டும். தனிப் பெட்டியில், 'சர்ச்சைகள்' என்ற தலைப்பின்கீழ் அல்ல, அதே பட்டியலில், அதே எழுத்தளவில்.

2020 டிசம்பரில் சான் பாவ்லோ மைதானத்துக்கு மரடோனாவின் பெயர் சூட்டப்பட்டது. கிறிஸ்தியானாவின் மகன் சிறுவனாக இருந்தபோது நாப்போலியின் இளையோர் பிரிவில் ஆடியிருக்கிறான். தந்தை ஆடிய கிளப், தந்தை அணிந்த நீலச் சட்டை. ஆட்டக்காரர் பட்டியலில் அப்போது அவன் பெயர் டியேகோ சினாக்ரா, தாயின் குடும்பப் பெயரோடு.